மெட்டுகளைத் துரத்திய போலீஸ் தலைவர்

அயர்லாந்தில் ஊருக்கு ஊர் 'பப்' உண்டு. மது விற்கும் இடம்தான். ஆனாலும் ஊரார் கூடிப் பேசும் சாவடியும் அதுவே. அங்கே பல இடங்களில், வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில் ஒரு மூலை மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வந்து அமர்வார்கள். ஒருவர் கையில் பிடில். இன்னொருவர் கையில் மரப் புல்லாங்குழல். மற்றொருவர் கையிடுக்கில் துருத்தியை வைத்து அமுக்கி வாசிக்கும் பைப் வாத்தியம். மேடை கிடையாது. டிக்கெட் கிடையாது. எதிரே ஸ்வரம் எழுதிய தாளும் கிடையாது.

இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் ஒருவர் இருப்பார். மழையானாலும் பனியானாலும் வாரம் தவறாமல் வந்து நாற்காலியில் உட்கார வேண்டியது அவர் பொறுப்பு. அவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காது கொடுப்பார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்ததும், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். கூச்சத்துடன் ஓரத்தில் இருக்கும் புதுப் பையனை ஒரு மெட்டு ஆரம்பிக்கச் சொல்வதும், ஓயாமல் மேளம் தட்டுகிறவரை மனம் நோகாமல் அடக்குவதும் அந்த நடத்துநரின் சாமர்த்தியம். இதற்கு 'செஷன்' என்று பெயர்.

இந்தச் செஷன்களில் வாசிக்கப்படும் மெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பல, ஒரே ஒரு மனிதர் வெளியிட்ட புத்தகங்களின் வழியாகக் கைமாறி வந்தவை. அவர் சங்கீத வித்துவான் அல்ல. ஸ்வரம் எழுதக்கூட அவருக்குத் தெரியாது. அயர்லாந்தில் அவர் வாழ்ந்ததும் வெறும் பதினாறு வருஷமே. அவர் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் போலீஸ் தலைவராக இருந்தவர். பெயர் பிரான்சிஸ் ஓநீல்.

பஞ்ச காலத்துப் பிள்ளை

1848-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி, அயர்லாந்தின் தென்கோடியில் கார்க் மாவட்டத்தில், பான்ட்ரி என்ற ஊருக்கு அருகே டிராலிபேன் என்னும் கிராமத்தில் ஓநீல் பிறந்தார். அது கொடிய காலம். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுவே சோறு. சில வருஷங்களுக்குள் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மடிந்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள்.

ஓநீலின் குடும்பம் ஓரளவு வசதியான விவசாயக் குடும்பம். அவருடைய தாயாரின் தகப்பனார் ஊர் ஊராகச் சுற்றும் வாத்தியக்காரர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து ஆதரித்தவர். அதனால் தாயாருக்குப் பாட்டும் மெட்டும் ஏராளமாகத் தெரியும். அவற்றைக் கேட்டுக்கொண்டே பையன் வளர்ந்தான். அயலில் இருந்த டிமதி டவுனிங் என்ற நிலக்காரர் அவனுக்குப் புல்லாங்குழல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அவரிடமும் ஸ்வரம் எழுதவோ படிக்கவோ அவன் கற்றுக்கொள்ளவில்லை. காதால் வாங்கியதை விரலால் திருப்பித் தருவது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாற்சந்தியில் ஊர் இளைஞர்கள் கூடி நடனமாடுவார்கள். பீட்டர் ஹாகர்ட்டி என்ற கண் தெரியாத பைப் வாத்தியக்காரர் வாசிப்பார். ஆடுகிறவர்கள் கொடுக்கும் காசுதான் அவருக்கு வயிற்றுப்பாடு. ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் நடனத்துக்குத் தடை போட்டார். வாத்தியக்காரருக்கு வேறு கதி இல்லை. தரும விடுதியில் போய்ச் சேர்ந்து, அங்கேயே உயிர் விட்டார். இந்தச் சம்பவம் ஓநீலின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கிழவராகி அயர்லாந்து சங்கீதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் அவர் அதை மறக்கவில்லை.

கடலில் உயிர் காத்த குழல்

ஓநீல் படிப்பில் கெட்டிக்காரர். கணக்கில் புலி. அவரை ஆசிரியர் ஆக்கலாம் என்பது குடும்பத்தாரின் எண்ணம். அது கைகூடவில்லை. 1865-ல், பதினாறு வயதில், வீட்டை விட்டுப் புறப்பட்டு, இங்கிலாந்து போய்க் கப்பலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார்.

அதன்பின் நான்கு வருஷம் அவர் பார்க்காத கடல் இல்லை. மத்தியதரைக் கடல், கருங்கடல் என்று சுற்றினார். 1866-ல் 'எமரால்டு ஐல்' என்ற கப்பலில் அமெரிக்கா சென்றார். அதே கப்பலில் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்ட அன்னா ராஜர்ஸ் என்ற பெண்ணும் இருந்தாள். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. கரை இறங்கியதும் அவரவர் வழியே பிரிந்து போனார்கள்.

பிறகு அவர் ஏறிய கப்பல்களில் ஒன்று 'மின்னஹாஹா'. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே பேக்கர் தீவு என்று ஒரு மணல் திட்டு உண்டு. மரமில்லை, நன்னீர் இல்லை. பறவை எச்சம் மட்டும் மலையாகக் குவிந்திருக்கும். அதை உரத்துக்காக ஏற்றப் போன இடத்தில், 1867-ம் வருஷக் கடைசியில் அந்தக் கப்பல் பவளப் பாறையில் மோதி நொறுங்கியது. மாலுமிகள் தீவில் தங்கித் தவித்தார்கள். கடைசியில் 'ஜோ' என்ற சிறு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. அதில் இருந்த உணவோ கொஞ்சம். ஏறிய ஆட்களோ அதிகம். ஆளுக்கு அரை வயிற்றுக்குக்கூடக் காணாது.

அந்தக் கப்பலில் வேலை செய்தவர்கள் ஹவாய்த் தீவுவாசிகள். அவர்களில் ஒருவனிடம் ஒரு நல்ல புல்லாங்குழல் இருந்தது. அவனுக்குத் தெரிந்தது ஒரு சிறிய மெட்டுத்தான். ஓநீல் குழலைக் கேட்டு வாங்கி, தம் கிராமத்து மெட்டுகளை வாசித்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் அந்தத் தீவுவாசி மெய்ம்மறந்து போனான். அன்று முதல் தன் பங்கு உணவில் ஒரு பகுதியை ஓநீலுக்குக் கொடுத்தான். ஹொனலூலு துறைமுகம் வந்து சேர்ந்தபோது மாலுமிகளில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். தெம்புடன் நின்ற சிலரில் ஓநீல் ஒருவர்.

சங்கீதம் சோறு போடும் என்பதை அவர் அப்போது கண்கூடாகக் கண்டார்.

முதுகில் ஒரு குண்டு

கலிபோர்னியா மலைச் சரிவில் சில மாதம் ஆடு மேய்த்தார். மறுபடி கப்பலேறி, தென் அமெரிக்காவின் கோடியைச் சுற்றி, நியூயார்க் வந்தார். பூமியை ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. மிஸௌரி ராஜ்யத்தில் ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தார். 1870-ல், கப்பலில் சந்தித்த அன்னாவையே தேடிக் கண்டு மணம் செய்துகொண்டார். பிறகு குடும்பத்தோடு சிகாகோவில் குடியேறினார்.

1873-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி சிகாகோ போலீஸில் சேர்ந்தார். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு திருடனைப் பிடிக்கப் போன இடத்தில் அவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் புகுந்து முதுகெலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. எடுத்தால் ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். குண்டடி பட்டும் ஓநீல் திருடனை விடவில்லை. அந்தக் குண்டைச் சுமந்துகொண்டே மேலும் அறுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்.

சிகாகோ போலீஸில் அப்போது சிபாரிசும் கட்சி பலமும்தான் செல்லுபடி. ஓநீலோ பரீட்சை எழுதியும் கணக்கு வழக்கில் திறமை காட்டியும் படிப்படியாக ஏறினார். 1894-ல் காப்டன் ஆனார். 1901-ல் மேயர் கார்ட்டர் ஹாரிசன் அவரை நகர போலீஸ் தலைவராக நியமித்தார். 1905 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

பதவி ஏற்ற வருஷமே பெரிய சோதனை வந்தது. 1901 செப்டம்பரில் ஜனாதிபதி மக்கின்லியை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவனைத் தூண்டியவர் எம்மா கோல்ட்மன் என்ற அராஜகவாதப் பெண்மணி என்று நாடே கொந்தளித்தது. சிகாகோவில் அவர் கைதானார். ஓநீல் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். உண்மை என்று அவர் மனத்துக்குப் பட்டது. தக்க மரியாதையுடன் நடத்தும்படி உத்தரவிட்டார். சாட்சியம் இல்லாததால் கோல்ட்மன் விடுதலையானார். போலீஸாரைக் கண்டாலே வெறுத்த அந்தப் பெண்மணி, பிற்காலத்தில் தம் சுயசரிதையில் இந்த ஒரு போலீஸ் தலைவரை மட்டும் நல்ல விதமாகவே எழுதிவைத்தார்.

இரண்டு ஓநீல்கள்

அந்நாளில் சிகாகோவில் அயர்லாந்துக்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். கசாப்புத் தொழிற்சாலையில், ரயில் பாதையில், போலீஸில் வேலை பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தம் ஊர் மெட்டைக் காதில் ஏந்தி வந்திருந்தார்கள். அயர்லாந்தில் ஒரு மாவட்டத்து மெட்டு மலையைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போக ஒரு தலைமுறை பிடிக்கும். சிகாகோவிலோ ஒரே தெருவில் நான்கு மாவட்டத்துச் சங்கீதம் கேட்டது.

ஆனால் அதைக் கேட்டவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் வாசிக்கும் கிழட்டு மெட்டுகள் வெட்கமாக இருந்தன. வயதானவர் ஒருவர் இறந்தால் அவரோடு நூறு மெட்டுகள் புதைக்கப்பட்டன.

இது ஓநீலின் மனத்தை அரித்தது. தாயார் பாடிய மெட்டுகளே ஒவ்வொன்றாக நினைவை விட்டு நழுவுவதை அவர் உணர்ந்தார். எழுதி வைக்கலாம் என்றால் எழுதத் தெரியாது.

அப்போதுதான் ஜேம்ஸ் ஓநீல் என்ற போலீஸ்காரரின் நட்பு கிடைத்தது. பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்ல. பிரான்சிஸ் தென்கோடிக்காரர், ஜேம்ஸ் வடக்கே டவுன் மாவட்டத்துக்காரர். ஜேம்ஸுக்குப் பிடில் வாசிக்கத் தெரியும். காதில் விழுந்ததை அப்படியே ஸ்வரப்படுத்தி எழுதவும் தெரியும்.

இருவரும் உட்கார்ந்தார்கள். பிரான்சிஸ் குழலில் வாசிப்பார், சில சமயம் வாயால் முணுமுணுப்பார், சீட்டி அடிப்பார். ஜேம்ஸ் எழுதுவார். பிறகு எழுதியதைப் பிடிலில் வாசித்துக் காட்டுவார். பிரான்சிஸ் தலையசைக்கும் வரையில் திருத்துவார். இப்படித் தாயாரின் மெட்டுகள் முதலில் காகிதத்தில் ஏறின. புத்தகம் போடும் எண்ணம் அப்போது இருவருக்கும் இல்லை. மறந்து போகாமல் இருந்தால் போதும் என்பதே ஆசை.

திருடனைப் பிடிப்பது போல

பிறகு வேட்டை பெருகியது. யாரிடம் புது மெட்டு இருக்கிறது என்று தெரிந்தாலும் ஓநீல் அங்கே போய் நிற்பார். வீட்டு முன்னறையில், போலீஸ் ஸ்டேஷனில், விருந்தில், பாதிரியார் இல்லத்தில் எங்கும் காது விழித்தபடி இருப்பார். கேட்ட மெட்டை மறக்காமல் மனத்தில் பிடித்துக்கொண்டு போய் ஜேம்ஸிடம் சேர்ப்பார். கேட்டதை அப்படியே நினைவில் நிறுத்தும் சக்தி அவருக்கு அபாரமாக இருந்தது.

அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. பிடிலில் ஜான் மக்பேடன், எட்வர்டு குரோனின். பைப் வாத்தியத்தில் ஜேம்ஸ் எர்லி, பார்னி டிலானி. பாதிரியார் பீல்டிங் என்ற சங்கீதப் பிரியர். நாடகக் கொட்டகைகளில் நாடெங்கும் வாசித்துப் புகழ் பெற்ற பாட்ஸி டூஹி என்ற பைப் வித்துவான் சிகாகோ வந்தால் அவரும் இந்த ஜமாவில் சேருவார். வாரக் கடைசியில் யார் வீட்டிலாவது கூடி, இரவு வெகு நேரம் வாசிப்பார்கள்.

வாத்தியக்காரர்களுக்கு ஓநீல் தம்மால் ஆன உதவி செய்தார். டிலானி போன்றவர்களுக்குப் போலீஸில் உத்தியோகம் கிடைத்ததும் அவருடைய முயற்சியால்தான். சிகாகோ போலீஸில் சேரப் பலம் வேண்டாம், படிப்பு வேண்டாம், ஒரு நல்ல அயர்லாந்து மெட்டு வாசித்தால் போதும் என்று ஊரில் கேலிப் பேச்சுக் கிளம்பியது.

எல்லோரும் மனம் திறந்து கொடுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தன்னிடம் மட்டும் இருக்கும் மெட்டு ஒரு வித்துவானுக்குச் சொத்து. அது தாளில் ஏறிவிட்டால் நாளை தெருப் பையனும் வாசிப்பான். டிலானிக்கே தம் மெட்டுகளை எழுதி எடுப்பது பிடிக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் வாசிக்கும்போது ஓநீல் காகிதத்தை வெளியே எடுக்க மாட்டார். சும்மா ரசிப்பவர் போலக் கேட்டுக்கொண்டிருப்பார். மெட்டு மறுநாள் ஜேம்ஸின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.

1,850 மெட்டுகள்

1903-ல், போலீஸ் தலைவராக இருக்கும்போதே, தம் கைப்பணத்தைப் போட்டு முதல் புத்தகத்தை அச்சிட்டார். பெயர், 'அயர்லாந்து சங்கீதம்'. அதில் 1,850 மெட்டுகள். மெல்லிசைப் பாட்டுகள் 625. பதினேழாம் நூற்றாண்டில் பிறந்த கண் தெரியாத யாழ் கவிஞர் கரோலனின் மெட்டுகள் 75. மீதி 1,150-ம் நடன மெட்டுகளும் அணிவகுப்பு மெட்டுகளும். அதுவரையில் ஒரே புத்தகத்தில் இத்தனை அயர்லாந்து மெட்டுகள் வெளிவந்ததில்லை.

அவருக்கு முன்பும் தொகுத்தவர்கள் உண்டு. 1792-ல் பெல்பாஸ்டு நகரில் கூடிய கடைசி யாழ் வித்துவான்களிடம் கேட்டு எட்வர்டு பன்டிங் எழுதி வைத்தார். பிறகு ஜார்ஜ் பெட்ரி தொகுத்தார். அவர்கள் கனவான்கள். பெரிய வீட்டுப் பெண்கள் பியானோவில் வாசிக்கும்படி மெட்டுகளைச் செப்பனிட்டார்கள். ஏழை ஜனங்களின் நடன மெட்டுகளுக்கு அவர்களுடைய புத்தகங்களில் அவ்வளவு இடம் இல்லை. ஓநீலின் புத்தகமோ வாசிக்கிறவர்களிடமிருந்து வாங்கி, வாசிக்கிறவர்களுக்காகவே போட்டது.

குறை இல்லாமல் இல்லை. ஒரே மெட்டு இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் வந்திருந்தது. சில மெட்டுகளின் ஸ்வர நிலை பிசகியிருந்தது. பழைய அச்சுப் புத்தகங்களிலிருந்து எடுத்தவையும் கலந்திருந்தன. அயர்லாந்துப் பண்டிதர்கள் சிலர் குற்றம் கண்டார்கள். விலையும் ஏழை வாத்தியக்காரருக்கு எட்டவில்லை.

ஓநீல் சளைக்கவில்லை. 1907-ல் நடன மெட்டுகளை மட்டும் பொறுக்கி, 1,001 மெட்டுகள் கொண்ட சிறு புத்தகமாகப் போட்டார். கைக்கு அடக்கம், விலையும் மலிவு. அது அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அயர்லாந்துக் குக்கிராமங்களுக்குள் நுழைந்தது. காலப்போக்கில் வாத்தியக்காரர்கள் அதற்குப் பெயர்கூடச் சொல்வதில்லை. 'புத்தகம்' என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

மௌனமான வீடு

ஊருக்கெல்லாம் மெட்டுச் சேர்த்தவரின் வீட்டில் துக்கம் குடியிருந்தது. ஓநீல் தம்பதிக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகளை நோய் கொண்டுபோயிற்று. ஆண்பிள்ளைகளில் ராஜர்ஸ் ஒருவன்தான் வாலிப வயதை எட்டினான். படிப்பில் தகப்பனைப் போலவே சூரன்.

1904-ல், பதினெட்டு வயதில், அவனும் காய்ச்சல் கண்டு இறந்து போனான்.

அன்னாவால் அதைத் தாங்க முடியவில்லை. அதன்பின் அந்த வீட்டில் சங்கீதம் கேட்கவில்லை. வாத்தியக்காரர்கள் கூடிய முன்னறை மௌனமாயிற்று. ஓநீல் மனைவியின் மனத்தை நோகச் செய்யவில்லை. கேட்க வேண்டுமானால் மற்றவர்கள் வீட்டுக்குப் போனார். தம் வீட்டில் மெட்டுகளைத் தாளிலே மட்டும் வைத்துக்கொண்டார். 1907-ம் வருஷத்துப் புத்தகமும் அதற்குப் பின் வந்தவையும் அந்த மௌனத்துக்குள்ளே உருவானவைதாம்.

கலைந்த சங்கம்

இன்னொரு வருத்தமும் வந்தது. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் சிகாகோ வாத்தியக்காரர்கள் ஓர் அயர்லாந்து சங்கீத சங்கம் தொடங்கினார்கள். ஓநீலின் நண்பர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். தொடக்கத்தில் அமோகமாக நடந்தது. பிறகு யார் பெரியவர் என்ற போட்டி புகுந்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்ற நிலை ஏற்பட்டது. பத்து வருஷம்கூட நிலைக்காமல் சங்கம் கலைந்தது.

நகரத்து ரௌடிகளையும் வேலைநிறுத்தக் கலகங்களையும் சமாளித்த போலீஸ் தலைவரால் பத்துப் பிடில்காரர்களை ஒற்றுமையாக உட்கார வைக்க முடியவில்லை. வித்துவான்களை அதிகாரத்தால் கட்டி மேய்க்க முடியாது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். ஒரு மேஜையைச் சுற்றி வாரா வாரம் அவர்களைச் சேர்ப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

1906-ல் மனைவியோடு அயர்லாந்து போய் வந்தார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு சொந்த மண். பையனாக இருந்தபோது கேட்ட வாத்தியக்காரர்கள் இறந்து போயிருந்தார்கள். அவர்களுடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. டிராலிபேனில் கேட்க முடியாத மெட்டுகளைச் சிகாகோவில் கேட்கலாம் என்ற விபரீதத்தை அவர் நேரில் கண்டார்.

அதனால் வேறு வழியிலும் முயன்றார். எடிசன் கண்டுபிடித்த மெழுகு உருளைகளில் டூஹி முதலியவர்களின் வாசிப்பைப் பதிவு செய்து, கார்க் நகரத்தில் இருந்த ஹெனிப்ரி என்ற பாதிரியாருக்கு அனுப்பினார். அவர் சங்கீத ஆராய்ச்சியாளர். கேட்டுப் பரவசமானார். அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்கே அயர்லாந்து சங்கீதம் திரும்பி வந்தது.

கடைசி வருஷங்கள்

ஓய்வு பெற்ற ஓநீல் பேனாவைப் பிடித்தார். 1910-ல் மெட்டுச் சேர்த்த அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 1913-ல் வாத்தியக்காரர்களின் வரலாற்றைப் பெரிய நூலாக வெளியிட்டார். யாழ் வித்துவான் முதல் தெருவில் வாசித்த குருடர் வரை நூற்றுக்கணக்கானவர்களின் வாழ்க்கை அதில் இருக்கிறது. தரும விடுதியில் மடிந்த பீட்டர் ஹாகர்ட்டிகளுக்கு அவர் எழுப்பிய நினைவுச் சின்னம் அதுவே. 1922-ல் கடைசித் தொகுப்பு வெளிவந்தது.

இந்தப் புத்தகங்களால் அவர் பணம் சம்பாதிக்கவில்லை. இழந்ததுதான் அதிகம். இவ்வளவும் வீண்தானோ என்ற சலிப்பு முதுமையில் அவரைப் பிடித்தது. 1931-ல், ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் அடங்கிய தம் புத்தகசாலையை நாட்டர் டேம் சர்வகலாசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்தார். 1936 ஜனவரியில், 87-ம் வயதில், சிகாகோவில் காலமானார். மவுண்ட் ஆலிவெட் மயானத்தில், அவர் குடும்பத்துக்காகக் கட்டிய கல்லறை மண்டபத்தில் அடக்கமானார். ஐந்து பிள்ளைகளையும் முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே போன தகப்பன் அவர்.

மூலையில் ஒரு மேஜை

அவர் இறப்பதற்கு முந்திய வருஷம், 1935-ல், அயர்லாந்தில் ஒரு சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் பொது நடனம் நடத்தக் கூடாது என்றது. வீட்டுக் கூடத்திலும் நாற்சந்தியிலும் நடந்த ஆட்டங்களை அது ஒடுக்கியது. வாத்தியக்காரர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஓநீலின் சலிப்பு நியாயம்தான் என்று தோன்றியது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் அயர்லாந்து வாலிபர்கள் லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். தங்கிய அறையில் வாசித்தால் வீட்டுக்காரி துரத்துவாள். சாயங்காலம் போக்கிடம் பப் ஒன்றே. அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்தார்கள். தமக்கு முன்னே சிகாகோவில் நடந்தது போலவே, வெவ்வேறு மாவட்டத்துக்காரர்கள் ஒரே மேஜையில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த மெட்டுகள் வேண்டியிருந்தன. பழைய இசைத்தட்டுகள் பாதி கொடுத்தன. ஓநீலின் 'புத்தகம்' மீதியைக் கொடுத்தது.

1951-ல் அயர்லாந்தின் முல்லிங்கார் ஊரில் வாத்தியக்காரர்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அதே வருஷம் முதல் சங்கீதத் திருவிழாவையும் நடத்தினார்கள். 1960-க்குப் பிறகு பப் செஷன் அயர்லாந்து முழுவதும் பரவியது. இன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று எங்கும் வாரா வாரம் அந்த மூலை மேஜை நிரம்புகிறது.

டிராலிபேன் கிராமத்தில் இன்று ஓநீலுக்குச் சிலை இருக்கிறது. போலீஸ் தடி கையில் இல்லை, புல்லாங்குழல்தான் இருக்கிறது. அவருக்குப் பிரியமான மெட்டு என்று அவர் பெயராலேயே வழங்கும் ஒரு நடன மெட்டும் உண்டு. அயர்லாந்துப் பிடில் கற்கும் பிள்ளைகள் அதைத் தவறாமல் படிக்கிறார்கள்.

செஷனில் அந்த மெட்டை ஒருவர் தொடங்கினால், சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். மகனை இழந்த வீட்டில் அடங்கிப் போன மெட்டுகள், அவர் காலடி படாத ஊர்களில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன.